பயணி வருவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம்

மிட்ராண்டில் குடியிருக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. சென்னையில் நான்கு வருடம் ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூவாக இருந்தவர், கல்யாணமாகி ஜோஹன்னஸ்பர்க் வந்திருக்கிறார். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லான்சீரியா விமான நிலையத்தில், தனியார் விமானங்களை வாடகைக்கு ஓட்டும் ஒரு சார்ட்டர் நிறுவனத்தில் அடுத்த மாதம் நேர்காணல். "அக்கா, தனியார் ஜெட்டில் பயணிகள் வருவதற்கு முன்னால் க்ரூ என்னதான் செய்வார்கள்? எப்படி வரவேற்பார்கள்? நான் செய்த வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" லான்சீரியாவில் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வித்தியாசம். ஏர்பஸ் கதவருகே நின்று 180 பேருக்கு வணக்கம் சொல்லியிருப்பீர்கள். ஒருவருக்கு ஒரு நொடி, அடுத்தவர் வந்துவிடுவார். இங்கே வருவது ஐந்து பேர், ஆறு பேர். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியும். போன முறை காபியில் எத்தனை சர்க்கரை என்பதும் தெரியும். அப்படித் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சம்பளத்துக்கான வேலை. படியருகே சிரித்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்பே, வரவேற்பின் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன ஜெட்டுகள் பலவற்றில் கேபின் க்ரூவே கிடையாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணி இருக்கை 19-க்கு மேல் போனால்தான் கேபின் க்ரூ சட்டப்படி கட்டாயம். சைட்டேஷன் போன்ற சிறிய ஜெட்டில் கோ-பைலட்தான் பெட்டி தூக்குவார், குடை பிடிப்பார், காபி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு காக்பிட்டுக்குப் போவார். சேலஞ்சர், ஃபால்கன், கல்ஃப்ஸ்ட்ரீம், குளோபல் மாதிரி பெரிய கேபின் உள்ள விமானங்களில்தான் நம்மை வைப்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒருவர். சமையல்கட்டும் நீங்கள்தான், உபசரிப்பும் நீங்கள்தான், ஆபத்து வந்தால் கதவைத் திறப்பதும் நீங்கள்தான்.

வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். பயணங்களை ஏற்பாடு செய்யும் ஆப்ஸ் அறையிலிருந்து ட்ரிப் ஷீட், அதாவது பயணக் குறிப்பு வரும். யார் யார், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே, பெட்டி எத்தனை, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, குழந்தை உண்டா, நாய் உண்டா, எல்லாம் அதில் இருக்கும். இருக்கும் என்று சொல்கிறேனே தவிர, பாதி நாள் அரைகுறையாகத்தான் இருக்கும். அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்துக் கேட்கிறவள்தான் நல்ல க்ரூ.

ஒரு உதாரணம். சில வருடங்களுக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை டர்பன் பயணம். ஷீட்டில் நாலு பெயர், எல்லாம் நாயுடு. சாப்பாடு என்ற இடத்தில் 'விசேஷக் குறிப்பு இல்லை' என்று இருந்தது. கேட்டரிங்குக்கு ஆட்டுக்கறியும் கோழியும் போயிருந்தது. தேதியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது: புரட்டாசிச் சனிக்கிழமை. இங்கே நாலைந்து தலைமுறையாக இருக்கிற குடும்பங்களில் தமிழும் தெலுங்கும் பேச்சில் தேய்ந்துபோயிருக்கலாம், புரட்டாசி தேயவில்லை. நம் ஊரில் சனிக்கிழமை மட்டும் சைவம் என்று இருக்கிறவர்கள் உண்டு. இங்கே மாதம் முழுக்க முட்டையைக்கூடத் தொடாத வீடுகள் ஏராளம். ஆப்ஸுக்குப் போன் போட்டேன். அவர்கள் அந்தக் குடும்பத்தின் உதவியாளரைக் கேட்டார்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஐயோ, ஆமாம், விரதம்." சாப்பாட்டை மாற்ற நேரம் இருந்தது. மறுநாள் அந்த அம்மா தட்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் ஒரு தப்பு செய்வோம். ஷீட்டில் 'கோவெண்டர்' என்று பார்த்தால் நமக்குக் கவுண்டர் என்று தெரியும். 'மூட்லி' முதலியார், 'பிள்ளே' பிள்ளை, 'படையாச்சி' படையாட்சி. 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பனில் கரை தொட்ட நாளிலிருந்து, குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதி எழுதி அப்படி ஆகிவிட்டது. ஆனால் அவர்கள் வீட்டில் இன்று எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் அவர்கள் பெயர். "மிஸ்டர் மூட்லி" என்றுதான் அழைக்க வேண்டும். சரியான உச்சரிப்பை நாம் கற்றுக்கொடுக்கப் போகக் கூடாது. இந்த ஊர் ஆப்பிரிக்க இன மக்களான ஜூலு, கோசாக்களின் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். கோசாப் பெயர்களில் வரும் நாக்குச் சொடுக்கு ஒலி நமக்கு எளிதில் வராது. நான் முந்தின நாள் ஹேங்கரில் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் போய்ச் சொல்லச் சொல்லிக் கேட்டு, காரில் வீடு திரும்பும்போது பத்து முறை சொல்லிப் பார்ப்பேன்.

பயண நாள் காலை. ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால் நாலரைக்கு விமானத்தில் இருப்பேன். உள்ளே போனதும் முதலில் பூவையோ கண்ணாடி டம்ளரையோ தொட மாட்டேன். தீயணைப்பான், ஆக்ஸிஜன் சிலிண்டர், புகை முகமூடி, லைஃப் ஜாக்கெட், முதலுதவிப் பெட்டி, டார்ச் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையே, அழுத்தமானி பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நீங்கள் ஏர்லைனில் செய்ததுதான், மாற்றம் ஒன்றும் இல்லை. நேர்காணலில் "முதலில் என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் ஷாம்பெயினைச் சொல்லிவிடாதீர்கள். இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் கேபின் சூடு. லான்சீரியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,377 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் விடியற்காலை பனி உறையும் அளவுக்குக் குளிரும். இரவு முழுக்க வெளியே நின்ற விமானத்தில் தோல் இருக்கை ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். கேபினைச் சூடாக்கினாலும் இருக்கைக்குள் அந்தச் சூடு இறங்க நேரமாகும். அதனால் கேப்டனிடம் சொல்லி ஏபியூவை, அதாவது வாலில் இருக்கும் சின்ன எஞ்சினை, முன்கூட்டியே போடச் சொல்வேன். இல்லையென்றால் தரையிலிருந்து சூடான காற்று கொடுக்கும் வண்டியைக் கேட்பேன். ஜனவரி மதியம் என்றால் நேர் எதிர்: பத்து நிமிடம் கதவைத் திறந்து வைத்தாலே உள்ளே அடுப்பு.

கேட்டரிங் வந்ததும் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டும், மேலே ஒட்டிய சீட்டை நம்பக் கூடாது. ஒரு முறை 'வெஜிடேரியன்' என்று எழுதிய டப்பாவில் சாலட்டுக்கு நடுவே பன்றி இறைச்சித் துண்டு இருந்ததை நானே எடுத்திருக்கிறேன். குளிராக வர வேண்டியது குளிராக இருக்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன், விலையைப் பார்க்க மாட்டேன். மேலே போனால் காற்று வறண்டுவிடும், அழுத்தம் குறையும். உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகத் தெரியும். அதனால் மிளகு, எலுமிச்சை, புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் சாப்பாடு நன்றாக எடுபடும். மீன் குழம்பு எவ்வளவு பிடித்தாலும் வேண்டாம். அந்தச் சின்னக் கேபினில் விமானம் தரையிறங்கும் வரை வாசனை போகாது.

ரூய்போஸ் என்ற இந்த ஊர் மூலிகை டீ கட்டாயம் வேண்டும். வெளிநாட்டுப் பயணிக்கு அது ஆசை, உள்ளூர்ப் பயணிக்கு அது வீடு. பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி கேட்பார்கள், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஐஸ் எப்போதும் நினைப்பதைவிட இரண்டு மடங்கு எடுங்கள். 2022, 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கேட்டரிங் ஆட்களிடம் ஐஸ் இல்லாமல், விடியற்காலை நாலு மணிக்கு வழியில் பெட்ரோல் பங்க் கடையில் இரண்டு மூட்டை வாங்கி காலடியில் வைத்து ஓட்டி வந்திருக்கிறேன். இப்போதும் அந்தக் கடை எங்கே என்று தெரிந்துவைத்திருக்கிறேன்.

பயணிகள் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் நான் செய்வது ஒன்று உண்டு, யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு இருக்கையிலும் போய் உட்காருவேன். நின்றபடி பார்த்தால் கேபின் பளபளவென்று இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்: ஜன்னலில் போன பயணத்துக் குழந்தையின் ஐந்து விரல்; கிழக்கிலிருந்து வெயில் சாய்வாக விழும்போது அது நட்சத்திரம் மாதிரி மின்னும். மேசை மடிப்புக்குள் ஒரு முந்திரித் துணுக்கு. அது வெறும் குப்பை இல்லை. அடுத்து உட்காருகிறவருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்றால் அது உயிர் விஷயம். சார்ஜரைச் செருகிப் பார்ப்பேன், படிக்கும் விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். சீட் பெல்ட்டை எடுத்துக் குறுக்காக மடித்து வைப்போம் இல்லையா, பலர் அது அழகுக்கு என்று நினைக்கிறார்கள். பெல்ட் இடுக்கில் சிக்கவில்லை, கொக்கி வேலை செய்கிறது என்று ஒருவர் கையால் தொட்டுப் பார்த்த அடையாளம் அது.

கழிப்பறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய ஜெட்டில் வெளியிலிருந்து வண்டி வந்து சுத்தம் செய்யும். சில சின்ன ஜெட்டுகளில் உள்ளே இருக்கும் தொட்டியைக் கையால் தூக்கிக்கொண்டு போய்க் காலி செய்ய வேண்டும். க்ரூதான் செய்ய வேண்டியிருக்கும்.

தாள்கள் பெரும்பாலும் விமான நிலையத்தில் தரை வேலைகளைக் கவனிக்கும் ஹேண்ட்லிங் ஆட்களும் கேப்டனும் பார்ப்பார்கள். ஆனால் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொந்த விமானத்தில் வெளிநாடு போனாலும் குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. தென்னாப்பிரிக்கக் குழந்தை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் நாட்டைத் தாண்டினால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். 2015 ஜூனில் வந்த விதி இது; வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு 2019 கடைசியில் தளர்த்தினார்கள். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளுக்குப் போய்த் திரும்பினால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். வேட்டைக்கு வருகிறவர்கள் துப்பாக்கி கொண்டுவந்தால் காவல்துறையின் எஸ்ஏபிஎஸ் 520 படிவம். குருகர் வனவிலங்குப் பூங்கா பக்கத்து லாட்ஜ்களுக்குச் சின்ன விமானத்தில் மாறிப் போகிறவர்கள் கெட்டியான பெரிய சூட்கேஸோடு வந்து நிற்பார்கள். அங்கே மென்மையான பைதான் ஏறும். இதை முந்தின நாளே உதவியாளரிடம் சொல்லிவிட்டால் ரேம்ப்பில், அதாவது விமானம் நிற்கும் தளத்தில், ஒரு சங்கடம் தவிரும்.

சரி, இப்போது வரவேற்பு. கார் வருகிறது என்று ஹேண்ட்லிங்கிலிருந்து போன் வரும். அதிலிருந்து உங்களுக்கு ஐந்து நிமிடம். போனை அணைத்து உள்ளே வையுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், எவ்வளவு வெயிலாக இருந்தாலும். உங்கள் கண் அவர்களுக்குத் தெரியாமல் வரவேற்பு இல்லை. எங்கள் வழக்கம் இது: கேப்டன் படிக்குக் கீழே நின்று பெயர் சொல்லி வரவேற்பார். கோ-பைலட் பெட்டிகளை எண்ணுவார், ஷீட்டில் ஏழு என்றால் ஏழு. நான் படிக்குப் பக்கத்தில், ஏபியூ சத்தத்தில் குரல் அமுங்காத இடத்தில் நிற்பேன். சிவப்புக் கம்பளம் கேட்கும் பயணிகள் உண்டு, விரிப்போம். ஆனால் காற்று அடித்தாலோ மழை பெய்தாலோ நான் சுருட்டி வைத்துவிடுவேன். ஈரக் கம்பளத்தில் குதிகால் செருப்பு வழுக்கும், பறக்கிற கம்பளம் எஞ்சினுக்குள் போனால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

கை நாமாக நீட்டக் கூடாது. அவர்கள் நீட்டினால் கொடுப்போம். சில இஸ்லாமியக் குடும்பங்களில், சில நம் வீட்டுப் பெரியவர்களிடத்திலும், கை கொடுப்பது சங்கடம். நெஞ்சில் கை வைத்தாலோ கும்பிட்டாலோ போதும். ஜூலு பேசும் பெரியவருக்கு "சாவுபோனா" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஆனால் மனப்பாடமாக ஒப்பிப்பது தெரிந்தால் சொல்லாமல் இருப்பதே மேல்.

கார்க் கதவு திறந்ததிலிருந்து படியில் கால் வைக்கும் வரை முப்பது நொடி இருக்கும். இந்த வேலையிலேயே கஷ்டமானது அந்த முப்பது நொடிதான். அதில் நீங்கள் பேசுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். போனில் பேசிக்கொண்டே வருகிறாரா? அப்படியானால் தலையசைப்பு மட்டும். கணவனும் மனைவியும் இடைவெளி விட்டு நடக்கிறார்களா? அன்றைக்கு அரட்டை கிடையாது. குழந்தை அழுதுவிட்டு வந்திருக்கிறதா? அதன் பெயரை முதலில் சொல்லுங்கள்.

ஒரு நாள் கேப் டவுனுக்கு ஒரு குடும்பம். ஷீட்டில் 'ஓய்வுப் பயணம்' என்று இருந்தது. வழக்கம்போல் ஷாம்பெயின் கிளாஸ்கள் தட்டில், முன் மேசையில் சின்னப் பூங்கொத்து. கார் வந்து நின்றது. முதலில் இறங்கிய பெண் கறுப்பு உடையில் இருந்தார், அவர் கையிலிருந்த கைக்குட்டை கசங்கிப்போயிருந்தது. பின்னால் வந்தவர் அவர் முதுகில் கை வைத்திருந்தார். கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பேச்சுக் கொடுத்து அவர்களை அரை நிமிடம் கீழே நிறுத்தினார். நான் மேலே ஏறி தட்டை கேலிக்குள், அதாவது விமானத்தின் சமையல்கட்டுக்குள் தள்ளி, பாட்டை நிறுத்தி, தண்ணீரும் டிஷ்யூவும் எடுத்து வைத்தேன். முந்தின இரவுதான் அப்பா இறந்திருக்கிறார், முன்பே போட்டிருந்த பயணத்தை அப்படியே சாவுக்குப் போக மாற்றியிருக்கிறார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று நான் சொன்னது "வாங்க, உட்காருங்க" என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொல் மட்டும். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

படியும் கவனம். ஜெட்டின் படி செங்குத்து, குறுகல். சில சிறிய விமானங்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். கதவின் மேல்விளிம்பு தாழ்வு. உயரமானவர் வந்தால் என் உள்ளங்கையை விளிம்பில் வைத்துவிடுவேன், இடித்தால் என் கையில் இடிக்கட்டும். டர்பனிலிருந்து ஒரு ஆயாவை அழைத்து வந்தோம். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் சொல்கிறார்கள். எண்பது வயதுக்கு மேல், முதல் விமானப் பயணம், பேரன் ஏற்பாடு. படியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சக்கர நாற்காலி இருந்தது, அவர் அதில் உட்கார மறுத்தார். நான் கீழே இறங்கி, "மெதுவா வாங்க ஆயா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். அவருக்குத் தமிழில் பத்து இருபது சொற்கள்தான் மிச்சம் இருந்திருக்கும். "வரேன் மா" என்றார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால் வைத்து, எட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கேப்டன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

உட்கார்ந்ததும் பாதுகாப்பு விளக்கம். வாரா வாரம் பறக்கிறவர் "எல்லாம் தெரியும்" என்று கையை ஆட்டுவார். விடாதீர்கள். நடைபாதையில் நின்று ஒப்பிக்க வேண்டாம், அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள்: கதவு இது, அவசர வழி அது, ஆக்ஸிஜன் இங்கிருந்து வரும், மொரீஷியஸ் பக்கம் கடல் மேல் போகிறோம் என்றால் லைஃப் ஜாக்கெட் இங்கே. என் அனுபவத்தில், பிரீஃபிங்கை மரியாதையாகவும் உறுதியாகவும் செய்கிற க்ரூவைத்தான் பயணிகள் அடுத்த முறையும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

தாமதம் அடிக்கடி வரும். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டுக்கு வருவார். சாப்பாட்டைத் திரும்பக் குளிரில் வைப்பது உங்கள் பாடு. ஆனால் கோடை மதியத்தில் அது வேறு விதமாகவும் சுடும். இந்த உயரத்தில் வெயிலேறினால் காற்று லேசாகிவிடும், விமானம் தூக்கக்கூடிய எடை குறையும். மூன்று மணிக்கு மேல் ஹைவெல்ட் எனும் இந்த மேட்டுநிலத்தின் இடிமழையும் ஆலங்கட்டியும் சேர்ந்துகொள்ளும். அப்போது கேப்டன் "இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்போம்" என்பார். நீங்கள் அவருக்கு முன்னால் பயணியிடம் எந்த நேரமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

யார் பறந்தார்கள் என்பதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். படம் எடுக்காதீர்கள், விமானத்தின் இசட்எஸ் எண், அதாவது வால் பக்கம் எழுதிய பதிவு எண், தெரிகிற மாதிரி செல்ஃபியும் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து இங்கே முழுமையாக அமலில் இருக்கிறது. ட்ரிப் ஷீட் அச்சிட்டால் பயணம் முடிந்ததும் கிழிக்கும் இயந்திரத்தில் போடுவோம்.

நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் சில கேள்விகள் கேளுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும். எந்த விமானம்? கேலியில் ஓவன் இருக்கிறதா, காபி ஜாடி மட்டும்தானா? பயணி தாமதமானால் க்ரூவின் வேலை நேரத்தை யார் கணக்கு வைக்கிறார்கள்? கேட்டரிங் தப்பாக வந்தால் இரவு இரண்டு மணிக்கு யாருக்குப் போன் செய்வது? கழிப்பறைத் தொட்டி யார் பொறுப்பு? பதில் தெளிவாக வந்தால் அங்கே சேருங்கள். காலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நான் பெரும்பாலும் ரேம்ப்பில்தான் இருப்பேன், அந்த நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.